சீதேவியின் ஏழாம் கட்டம்

வாவித்துறையில் படகேறுமுன் இராணுவச் சாவடிச் சிப்பாய் அன்னப்பூரணியின் கல்குலேட்டரைத் திறந்து பற்றரி இரண்டையும் எடுத்துக்கொண்டான். வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். "படுவான்கரைக்குப் பற்றரி போக ஏலாது, அங்க குண்டு செய்வாங்க. நீ போகலாம்."

அன்னப்பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கரையில், கொக்கட்டிச்சோலையில் கணக்கு டீச்சர் அவள். பாலத்துத் தூணில் மோதும் வாவி நீர் எதுவரை சீராக ஓடும், எப்போது குழம்பிச் சுழிக்கும் என்பதுதான் அவளுடைய ஆய்வு. சமன்பாடு கையில் இருந்தது. தீர்க்கத்தான் ஆயிரக்கணக்கில் கணக்குப் போடவேண்டும். மூன்று மாதத்தில் முடிக்காவிட்டால் பட்டம் இல்லை. கொழும்புப் பேராசிரியரோ, 'கொம்பியூட்டர் இல்லாமல் நடக்காது, விட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்.

விடுவாளா அவள்! தூணைச் சுற்றிய நீர்ப்பரப்பை வாசிகசாலைத் தரையில் சோக்கால் பதினாறு கட்டமாகக் கீறினாள். கட்டத்துக்கு ஓர் ஊர்ப்பெண். ஒவ்வொருத்தியிடமும் அந்த இடத்து நீரின் வேகம், ஓர் எண்ணாக. பக்கத்துக் கட்டக்காரிகளின் எண்களைக் கடதாசித் துண்டில் வாங்கிக் கூட்டிக் கழித்துப் பெருக்கினால், அடுத்த நொடியின் வேகம் வரும். அதை எழுதிப் பக்கத்தாளிடம் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

"ஷெல்லுக்குப் பயந்து சும்மா குந்திக் கிடக்கிறதுக்கு இது திறம்," என்றாள் அவர்களில் ஒருத்தியான இராசாத்தி.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஏழாம் கட்டத்தில் சீதேவியின் எண் துள்ளத் தொடங்கியது. ஏறியது, இறங்கியது, ஒருநாள் சைபருக்கும் கீழே போய்விட்டது. அவளிடம் துண்டு வாங்கியவர்களின் எண்களும் அதோடு சேர்ந்து ஆடின.

"என்னகா செஞ்ச நீ? மலையக் கெல்லி எலி பிடிச்ச கதையாப் போச்சே!" என்று இராசாத்தி பாய்ந்தாள். பேராசிரியர் சொன்னதுதான் சரியோ என்று அன்னப்பூரணி நினைத்தாள். சீதேவியின் தாளைக் குறுக்கே வெட்டச் சிவப்புப் பேனையை எடுத்தாள்.

தோணிக்காரன் பெண்சாதி சீதேவி, தாளை வெடுக்கென்று பறித்தாள். "வெட்டாதீங்க டீச்சர்! என்ட கணக்குச் சரி. தூணுக்குப் பின்னால தண்ணி திரும்பித்தான் ஓடும், அதுதான் சைபருக்குக் கீழ போகுது. ஒருநாள் வந்து வலை போட்டுப் பாருங்க, தெரியும்."

மூன்று பேர் மூன்று தரம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு தசம தானமும் பிசகவில்லை. அடடா, அவர்கள் இத்தனை நாள் தேடிய சுழி அந்தக் கட்டத்தில்தான் பிறந்திருந்தது! அன்னப்பூரணி வெட்கத்தோடு சீதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு, தலைக்கு மேலே ஹெலி சுற்றிய நாட்களிலும் ஒருத்தியும் கட்டத்தை விட்டு எழும்பவில்லை. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கக் கணக்கு முடிந்தது.

ஆய்வோடு அனுப்பவேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பயன்படுத்திய கணிப்பொறி எது?

"கையால போட்டது எண்டு எழுதுங்க டீச்சர், கரைச்சல் இல்ல," என்றாள் இராசாத்தி.

"ஆருட கையால?" என்று திருப்பிக் கேட்டாள் அன்னப்பூரணி.

கோட்டில் இடம் போதவில்லை. ஓரத்திலும் தாளின் பின்பக்கத்திலுமாகப் பதினாறு பெயரையும் முழுதாக எழுதினாள். முதற்பெயர் சீதேவி.