ஆள் வெளியூர்

தப்பு டேவிட்சனுடையதுதான். வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று அவன் மூன்று நொடி யோசித்தும் பார்த்தான். ஆள் கிடைக்கவில்லை.

மன்னார்குடியில் அக்கா எல்சி வீட்டு முன்னறை. மேசைமேல் ஒரு மடிக்கணினி, பக்கத்தில் மைக். திரையில் மூன்று நாடுகளில் உட்கார்ந்திருந்த மூன்று நடுவர்கள். தலைமை நடுவர் எழுபத்தாறு வயது பெல்ஜியக்காரர். சாட்சி சொல்ல வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பதினோரு நிமிடமாக விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சாட்சி டேவிட்சனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பெயர் எல்லையம்மாள். மல்லிப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். வெள்ளைக்காரர் பேசப் பேச அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. டேவிட்சனுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவள் காதருகே சொன்னான்.

"பயப்படாதீங்கம்மா. இந்தக் கிழவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள நாம ஒரு போகம் அறுத்து மூட்டையே கட்டிடலாம்."

மைக் திறந்திருந்தது. அதனால் மட்டும் ஒன்றும் குடி முழுகியிருக்காது. பெல்ஜியத்தில் தமிழ் கிடையாது. ஆனால் திரையின் நான்காவது கட்டத்தில், கும்பகோணத்திலிருந்து மொழிபெயர்ப்பாளர் அஃப்ரீன் உட்கார்ந்திருந்தாள். காதில் விழும் தமிழ் அத்தனையையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்வேன் என்று அரைமணி நேரத்துக்கு முன்புதான் உறுதிமொழி எடுத்திருந்தாள். சொன்னாள். தெளிவான உச்சரிப்பு. மூட்டையைக்கூட விடவில்லை.

இடதுபக்க நடுவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் இருமினார். தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பயிர், மிஸ்டர் டேவிட்சன்?"

"நெல், ஐயா. குறுகிய காலப் பயிர். நூற்றுப்பத்து நாள்." நாள் கணக்கை எதற்குச் சொன்னோம் என்று டேவிட்சனுக்கே விளங்கவில்லை.

"அப்படியானால் நாற்பது நிமிடம் ஒத்திவைப்போம். அறுவடையைவிடச் சற்றுக் குறைவுதான்."

கட்டங்கள் ஒவ்வொன்றாக இருண்டன. அஃப்ரீனின் கட்டம் மட்டும் அணையாமல் நின்றது.

"மன்னிச்சுக்குங்க சார். உறுதிமொழி எடுத்துட்டேன்."

"உங்க மேல தப்பில்லம்மா. இவ்வளவு நல்லா மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்ல, அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வருடமாக டேவிட்சன் லண்டனில் பாரிஸ்டர். கோர்ட்டுக்குப் போகாத பாரிஸ்டர். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் சண்டை போட்டால், கோர்ட் வேண்டாம், பொதுவான மூன்று பேரை நடுவராக வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அந்த மூன்று பேருக்கு முன்னால் நின்று வாதாடுவதுதான் அவன் பிழைப்பு. எல்சி அக்கம்பக்கத்தாரிடம் இதைச் சுருக்கமாக, "வெளிநாட்டுப் பஞ்சாயத்து" என்று சொல்லி வைத்திருந்தாள். அதைவிடச் சரியான விளக்கத்தை அவனாலும் இதுவரை சொல்ல முடியவில்லை. அரிசி கப்பலில் ஏறிய பிறகு நனைந்ததா, நனைந்த அரிசியைத்தான் ஏற்றினார்களா என்று சிங்கப்பூரில் ஆறு வருடம் வாதாடியிருக்கிறான். அந்தக் காலத்தில் மன்னார்குடி வந்தபோதெல்லாம் ரோட்டில் காயும் நெல்லைப் பார்த்தால் கை தானாக ஒரு பிடி அள்ளி ஈரம் பார்க்கும். பிறகு விளையாட்டு வழக்குகள் வந்தன. சம்பளம் தராத கால்பந்து கிளப், சோதனையில் மாட்டிய சைக்கிள்காரர், ஒருமுறை ஒரு குதிரை.

இந்த வழக்கு அவனாகத் தேடிப்போனது. மீனா, இருபத்திரண்டு வயது, எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. நம்ம பழைய தஞ்சாவூர் ஜில்லாப் பெண் என்று பேப்பரில் படித்ததும் அவனே போன் போட்டு, "காசு வேண்டாம், நான் வர்றேன்" என்றான். கருணை பாதி. ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்ற ஆசை மீதி.

அந்த மட்டத்தில் ஓடுகிறவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை ஆள் சிக்காவிட்டால், மருந்து தொட்டவளோ இல்லையோ, இரண்டு வருடம் ஓடக்கூடாது. முதல் இரண்டு தடவையும் தன் கவனக்குறைவு என்று மீனா ஒப்புக்கொண்டுவிட்டாள். மூன்றாவதில்தான் வழக்கு. அன்று காலை ஐந்திலிருந்து ஆறுவரை வீட்டில் இருப்பேன் என்று பதிந்திருந்தாள். இருக்கவும் செய்தாள். சோதனைக்காரப் பெண்மணி ஐந்தேகாலுக்குக் கதவைத் தட்டினாள். திறந்தவள் மீனாவின் அம்மா எல்லையம்மாள். "மீனா ஊர்ல இல்ல, சென்னைக்குப் போயிருக்கு" என்றாள். வந்தவள் மரியாதையாக எழுதிக்கொண்டு, ஆறு மணிவரை ஜீப்பில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். மீனாவோ இரண்டு அடி தள்ளி, தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாள்.

ஒரு தாய் ஏன் அப்படிச் சொன்னாள்? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் நின்றது. பதில் டேவிட்சனின் மனுவில் ஐந்தாம் பத்தியில் இருந்தது: வந்தவர் யாரென்று சாட்சிக்குத் தெரியாது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாமென்று இருந்ததால், பெண் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து மறுத்துவிட்டார். அழகான பத்தி. மீனா மேல் துளி குற்றமில்லை.

அந்தப் பத்தி பிறந்த விதம்தான் டேவிட்சனை இரண்டு வாரமாகத் தூங்கவிடவில்லை. லண்டனிலிருந்து போனில் அவன்தான் கேட்டான்: "ஒருவேளை பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சீங்களா?" எல்லையம்மாள் சொன்னாள்: "ஆமாங்க. அப்படியே வெச்சுக்குங்க."

அப்படியே வைத்துக்கொண்டான்.

அவன் முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தான். வெளியே அறுவடை இயந்திரம் ஒன்று டிரெய்லரில் ஏறி ஊர்ந்து போனது. அதன் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போனது. இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

"நான் என்ன சொல்லணும் சார்?" எல்லையம்மாள் நாற்காலியைவிட்டு எழுந்திருந்தாள். "சொல்லுங்க, அப்படியே சொல்லிடறேன்."

"நான் சொல்லித்தரக் கூடாதுங்க. கேக்கலாம், அவ்வளவுதான். எங்க தொழில்ல அது பெரிய குத்தம்."

"அதான், எதைச் சொல்லணும்னு கேக்கறேன்."

"நடந்ததை."

"நடந்ததைத்தான் நீங்களே இங்கிலீஷ்ல எழுதிட்டீங்களே சார்."

டேவிட்சன் கேள்வியை மாற்றிப் பார்த்தான்.

"கதவத் தட்டுனவங்களப் பாத்ததும் மனசுல என்ன தோணுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"காலங்காத்தால என்ன சார் தோணும்?"

"யாரா இருக்கும்னு தோணியிருக்கும்ல?"

"யாரா இருந்தா என்ன சார், இப்ப எம்புள்ள ஓடுமா ஓடாதா? அதச் சொல்லுங்க."

உலகத்தில் பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளையெல்லாம் குறுக்கு விசாரணை செய்தவன். அவர்கள் பொய் சொல்வார்கள், மறந்துவிட்டது என்பார்கள், வக்கீலைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவரும் இப்படிக் கேள்வியைத் தட்டில் வைத்துத் திருப்பித் தந்ததில்லை. எல்லையம்மாள் முகம் கழுவ வேண்டும் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மீனா வாசல் படியில் உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சும்மா உட்காரத் தெரியாத உடம்பு.

"எங்கிட்டயும் இதேதான் சார். கேட்டா வேற பேச்சு பேசும். இல்லாட்டி மீன் கழுவப் போயிடும்."

"அன்னிக்கு நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்த?"

"முத நாள் ராத்திரி பன்னெண்டு இருக்கும். அப்பா காலு படகுக் கயித்துல மாட்டிக்கிச்சுல்ல, தஞ்சாவூர் ஆஸ்பத்திரில நாலு நாளா நான்தான் கூட இருந்தேன். வீடுன்னு பதிஞ்சிருந்தேன், அதுக்காகவே கிளம்பி வந்தேன் சார். பட்டுக்கோட்டைக்கு அப்பறம் பஸ் இல்ல. ஐஸ் வண்டியில ஏறி வந்தேன்." கணுக்கால் நின்றது. "தோத்துட்டா ரெண்டு வருசமா சார்?"

"ரெண்டு வருஷம்."

"ஹாஸ்டல்ல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தேடினான். எப்போதும் கைவசம் இருக்கும். இன்று ஏற்கெனவே ஒன்று செலவாகியிருந்தது, அதன் விலை போதும் என்று உள்ளே போனான்.

எல்சி ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "குடி. ஊரு ஊராப் போயி வாதாடறவனுக்கு வாய மூடத் தெரியல. அந்தப் பெரியவர் ஜெயில்ல போட்டாரா?"

"அவருக்கு அந்த அதிகாரம் இல்லக்கா."

"பாவம்."

போன் அடித்தது. எல்சி எடுத்தாள். "சொல்லுங்க... டேவிட்சனா? அவன் வெளியூர் போயிருக்கானே." சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப வருவான்னு தெரியாது. வந்தாச் சொல்றேன்." வைத்தாள்.

"யாருக்கா?"

"ஒங்க பழைய மாணவர் சங்கத்துலேர்ந்து. பேசக் கூப்பிடறாங்க. நீ இன்னிக்கு இருக்கற லட்சணத்துல பேசாம இருக்கறதே மேல்."

"பேரு கூடக் கேக்கலியே நீ?"

"எதுக்குக் கேக்கணும்? குரலப் பாத்தாத் தெரியாதா? தெரியாத ஆளுன்னா யாரு, எந்த ஊரு, என்ன விஷயம்னு கேப்பேன். தெரிஞ்ச ஆளுக்குத்தான் வெளியூரு."

டேவிட்சன் சொம்பை மேசையில் வைத்தான். பையைத் திறந்து சோதனைக்காரப் பெண்மணியின் அறிக்கையை எடுத்தான். ஒரே பக்கம், நாற்பது தடவையாவது படித்திருப்பான். தட்டினேன். வயதான பெண் திறந்தார். தடகள வீராங்கனை இருக்கிறாரா என்று தமிழில் கேட்டேன். ஊரில் இல்லை, சென்னை போயிருக்கிறார் என்றார். அவ்வளவுதான். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கிற ஒரு தாய், விடிவதற்கு முன் வாசலில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம் நீ யார் என்று கேட்கவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை. அறிக்கை எழுதியவளுக்கு, கேட்காததன் அர்த்தம் தெரியாது. வட இந்தியாவில் வளர்ந்தவள். பெல்ஜியக்காரருக்குத் தெரியாது. எதிர்க்கட்சி வக்கீலுக்கும் தெரியப்போவதில்லை. ஐந்தாம் பத்தி அப்படியே நின்று ஜெயித்துவிடும்.

அதுதான் பயமாக இருந்தது.

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அவன் கொல்லைப்பக்கம் போனான். எல்லையம்மாள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. தண்ணீர் சும்மா ஓடியது. அவன் குழாயை மூடினான். பின்னாலேயே மீனாவும் வந்து கதவு நிலையில் நின்றாள்.

"மீனா, நீ கொஞ்சம் உள்ள இரும்மா" என்றான்.

"நான் ஏன் போகணும்? என் கேஸ்தானே சார்."

எல்லையம்மாள் மகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எழுதுனபடியே சொல்லிடறேன் சார். பொண்ணு பாக்க வந்தவங்கன்னு. நான் மனப்பாடம் பண்ணிட்டேன்."

"அது நான் சொன்ன கதைங்க. நீங்க சொல்லல. உங்க வாயில நான்தான் வெச்சேன். ஒரு நல்ல வக்கீல் செய்யக் கூடாத வேலை." துணி துவைக்கிற கல்லில் அவன் உட்கார்ந்தான். ஈரம் கால்சட்டையில் ஏறியது. "மைக்கத் தொறந்ததும் அஞ்சாம் பத்தி என் கற்பனைன்னு அந்தப் பெரியவர்கிட்ட நானே சொல்லிடப் போறேன். அதுக்கப்பறம் அந்த எடத்துல ஒண்ணும் இருக்காது. நீங்க சொல்றதுதான் இருக்கும்."

"சொன்னா எம்புள்ள தோத்துடுமா?"

"தெரியாது. ஜெயிக்கலாம், தோக்கலாம். நிஜமாவே எனக்குத் தெரியாதுங்க."

"அம்மா," என்றாள் மீனா, "சொல்லேன்."

எல்லையம்மாள் முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள். திரும்பச் சுற்றவில்லை.

"வந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று டேவிட்சன் கேட்டான்.

"தெரியும் சார். அந்தம்மா கையில நீலப் பொட்டியப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. கேம்புக்குப் போனப்ப சோதனைக்காரங்ககிட்ட பாத்திருக்கேன். யாரு வந்தாலும் எழுப்பும்மான்னு சொல்லிட்டுத்தான் இதுவும் படுத்துச்சு. நாலு நாளு கண்ணு மூடாத புள்ள, செருப்பக்கூடக் கழட்டாம தூங்கிடுச்சு. எழுப்ப மனசு வரல. சென்னைக்குப் போயிருக்குன்னேன். நாளைக்கு வருவாங்கன்னு நெனச்சேன்."