பாஸ்கல் வீட்டுப் பனி

தூத்துக்குடியில் அந்த வருடம் மீனுக்குப் போடும் ஐஸின் விலை இறங்கியது பாஸ்கல் வீட்டுக்குள் பனி விழத் தொடங்கிய பிறகுதான். தவக்காலத்துக் கடைசி வாரங்கள். ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிற வெயில். அந்த ஒரு வீட்டின் கூரைக்கும் தரைக்கும் நடுவில் மட்டும் பனி விழுந்தது; பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம்கூட இல்லை. சில நாள் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பிறகு ஒருத்தி, வெயிலில் கெட்டுப்போகுமே என்று சீலா மீன் கூடையை முன்னறையில் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து யாரும் பனியைப் பார்க்கவில்லை, கூடை வைக்க இடம்தான் பார்த்தார்கள்.

பாஸ்கல் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கு முன்பே, பிள்ளை இல்லையென்று அவனும் மனைவி டயானாவும் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்திருந்தார்கள். அங்கே உண்டாக்கிய கருக்களில் டயானாவின் வயிற்றில் வைத்தவை தங்கவில்லை. மீதி இரண்டை உறைய வைத்தார்கள். பிறகு கட்டி வந்து அவளுடைய கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போனால் மட்டும், சின்னச் சட்டைகள் தொங்கும் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பனைமரம் உண்டு. குருத்தோலை ஞாயிறுக்குக் கோவிலிலிருந்து வந்து அதில்தான் குருத்து வெட்டிப் போவார்கள். அந்த வாரத்தில், அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது குருத்தணு ஆராய்ச்சி. டயானாவுக்குக் கேட்டது குருத்து மட்டும்.

“ரெண்டு இருக்குக்கா. ரெண்டையும் எடுத்துக்கிடலாமா?”

“வருசா வருசம் எடுக்கதுதானம்மா. தாராளமா எடுத்துக்கோங்க” என்றாள் டயானா. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குக்கர் மூடிமேல் முதல் பனி விழுந்து கிடந்தது.

கையெழுத்து வாங்க டாக்டர் அருணாசலவடிவு நேரில் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. டயானா பனிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நல்ல மனுஷி, எதையும் மூடி மறைக்கவில்லை. கருவை உறைய வைக்கச் சட்டத்தில் பத்து வருடம்தான் கெடு. கிறிஸ்துமஸோடு அது முடிகிறது. அப்புறம் அழியத்தான் விடவேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால், அதிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் என்ற குருத்தணுவை நரம்பாகவும் வளர்க்கலாம். முதுகுத்தண்டு போனவர்களுக்கு என்றைக்காவது வழி பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம்.

பங்குச் சாமியார் கிளாட்வின் குடையோடு வந்தார். வீட்டுக்குள் வந்துதான் குடையை விரித்தார்.

“எப்படியும் சாகப் போறவுகதானன்னு யாரையும் அறுக்க முடியுமா டாக்டர்?”

“அதுக்கு இன்னும் கையில்ல, காலில்ல, வலியும் தெரியாது ஃபாதர். இந்தா படுத்திருக்காரே, இவருக்குத் தெரியும்.”

மீன் கூடைக்காரிகளும் இரண்டு கட்சியானார்கள். தெருமுனையில் கடை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி பனங்காட்டு ஊர்க்காரர். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “கோவிலுக்கு வெட்டுத மாதிரி ஓலைய மட்டும் எடுத்தா பனை நிக்கும். நடுக்குருத்தத் தோண்டி எடுத்தா பட்டுப்போவும். நீங்க எத எடுக்கிய?”

டாக்டர் தலை குனிந்து, “நடுக்குருத்த” என்றாள். அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

பனி நிற்கவில்லை. விடிந்து பார்த்தால் பாய் முழுக்க வெள்ளையாக இருக்கும். பாஸ்கலுக்கும் டயானாவுக்கும் நடுவில் மட்டும் சங்கு அளவுக்கு இரண்டு இடம் பனி படியாமல் கிடக்கும். தொட்டால் சூடு. டயானா அந்த இடத்தில் புரண்டு படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் பாஸ்கல் அவளை எழுப்பினான்.

“ஏளா, காலு குளிருது.”

வருடக்கணக்காக ஊசி குத்தினாலும் தெரியாத கால். அவள் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்துவைத்து அழுதாள். நடக்கவெல்லாம் முடியவில்லை, அந்தக் குளிர் மட்டும்தான். “பிள்ளைய ரெண்டும் என் காலப் பிடிச்சிக்கிட்டு இருக்குதுவ. இதுக்கு மேல அதுககிட்ட நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்” என்றான் பாஸ்கல். கையெழுத்துப் பேச்சை எடுத்தாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐப்பசியில் டேவிட்சனைத் தூக்கி வந்தார்கள். கல்யாணமாகி வருடம் திரும்பாதவன். பாஸ்கலைப் போலவே ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியவன், பாஸ்கலைப் போலவே கால் போனவன். இந்த வீட்டுப் பனியில் உணர்வு திரும்பும் என்று தெரு நம்பியது. கூடைகளை ஒதுக்கி அவனைக் கிடத்தினார்கள். பாஸ்கல் கையால் இழுத்து நகர்ந்துவந்து, பனியை அள்ளி அவன் முழங்காலில் வைத்து அழுத்தினான்.

“குளிருதாலே?”

“இல்லண்ணே.”

இன்னும் அள்ளி வைத்தான். கை மரத்துப்போகும்வரை வைத்தான். டேவிட்சனின் பெண்டாட்டி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் தெரியலண்ணே” என்றான் டேவிட்சன். அந்தப் பனி தகப்பனுக்கு மட்டும்தான் குளிர்ந்தது.

பாஸ்கல் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள், “டாக்டரம்மாவ வரச்சொல்லு” என்றான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த இரண்டையும் வெளியே எடுத்த அன்று பனி நின்றது. பாஸ்கலின் காலில் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசியில் கட்டைவிரலிலும் இல்லாமல் போனது. கூடைக்காரிகள் கூடைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஐஸ் பழைய விலைக்கு வந்தது. டேவிட்சன் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறான். ஆராய்ச்சி நடக்கிறது என்று டாக்டர் சொல்கிறாள். கிளாட்வின் சாமியார் டயானாவிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

சாம்பல் புதனுக்கு முன்னால், பழைய குருத்தோலைச் சிலுவைகளை எரிப்பதற்காகக் கோவிலில் சேர்ப்பார்கள்; அந்தச் சாம்பலைத்தான் அன்றைக்கு நெற்றியில் பூசுவார்கள். டயானாவும் தன் வீட்டுப் பனையின் குருத்தில் பின்னிய இரண்டு சின்னச் சிலுவைகளைக் கொடுத்திருந்தாள். ஊர்ச் சிலுவைகள் எல்லாம் சாம்பலாயின. அவை இரண்டும் தீயில் உருகித் தண்ணீரானதாக, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை சொன்னார். கீழே ஊற்ற மனமில்லாமல் அதை ஒரு கிண்ணத்தில் பிடித்து, சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

சாம்பல் புதனன்று வரிசையில் டயானா, பாஸ்கலின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாமியார் சாம்பலைத் தொட்ட விரலைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தில் நனைத்தார். மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லவேண்டிய இடம்.

“பேரு வச்சியாம்மா?” என்றார்.

“வைக்கல சாமி. வச்சா கொடுக்க முடியாதுன்னு வைக்கல.”

அவர் அவள் நெற்றியில் ஒரு சிலுவை போட்டார். மறுபடி நனைத்து இன்னொன்று போட்டார். அதே விரலால் பாஸ்கலின் நெற்றியையும் தொட்டார்.

“குளிருதுளா” என்றான் பாஸ்கல்.

டயானா நாற்காலியைத் திருப்பினாள். பின்னால் நின்றவர்கள் சாம்பலுக்காக முன்னால் நகர்ந்தார்கள்.