தெற்கே நகர்ந்த வீடு

சைப்ரஸ் தீவை மறுபடி ஒன்றாக்கும் சமாதானத் திட்டத்தின் வரைபடம் செய்தித்தாளில் வந்த மறுநாளிலிருந்து, தெர்விஷின் வீடு நாளைக்கு இருபதடி வீதம் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. காலையில் காப்பி பொங்கும் நேரத்தில் சுவர் லேசாக முனகும், கோப்பைகள் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். மின்வாரியத்து ஆள் வாரம் ஒருமுறை வந்து கம்பியை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். தெர்விஷின் மனைவி பெம்பே துணிக்கொடியைத் தினமும் அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினாள். வடக்கே துருக்கியர் பக்கம் ஓமோர்ஃபோ வட்டாரத்தைச் சேர்ந்த அந்த ஊர், வரைபடத்தில் கிரேக்கர்களுக்குத் திரும்பிப் போகும் பகுதியில் இருந்தது. வீட்டுக்கும் செய்தி எட்டிவிட்டது போலிருக்கிறது என்றார்கள் காப்பிக்கடையில். சொன்னவனும் சிரிக்கவில்லை, கேட்டவனும் சிரிக்கவில்லை. எதற்கும் ஆச்சரியப்பட யாருக்கும் தெம்பில்லாத காலம் அது.

தெர்விஷுக்கு இடம்பெயர்வது புதிதல்ல. அறுபத்துநாலு கலவரத்தில், தெற்கே பாஃபோஸ் மலையிலிருந்த ஊரை விட்டு ஒருமுறை ஓடியவர். எழுபத்துநாலில் தீவை இரண்டாக வெட்டிய பிறகு, துருக்கியர் எல்லாரும் வடக்கே என்று லாரியில் ஏற்றியபோது இன்னொருமுறை. அப்போது கிடைத்ததுதான் இந்த வீடு. கட்டிய லோயிசோஸ் என்ற கிரேக்கர், அடுப்பில் பீன்ஸ் வேகும்போதே தெற்கே ஓடியிருந்தார். பெம்பே அந்தச் சட்டியைக் கழுவி அதிலேயே முப்பது வருடம் சமைத்தாள். அவர்களுடைய ஒரே மகன் எர்தான் பத்தொன்பது வயதில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து செத்தான். அவன் கல்லறை வீட்டுக்குப் பின்னால் நூறடியில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பெம்பே அதில் தண்ணீர் ஊற்றுவாள். இப்போது அந்த நூறடி நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது.

மக்கள் கருத்தைக் கணக்கெடுக்கும் நெரிமான் மூன்று முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் பழைய விலாசத்துக்குப் போய், வெறும் அஸ்திவாரக் குழியைப் பார்த்துவிட்டு, தரையில் இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவாள். திட்டம் திருப்தியா, வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொள்ளலாமா, ஒருக்காலும் ஆகாதா என்று கேட்பாள். தெர்விஷ் மூன்று முறையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றார். பல் பிடுங்கச் சம்மதிக்கிற குரல்.

பெம்பே மூன்று முறையும், "ஆகாதுன்னு எழுதிக்கம்மா. புள்ளைய மண்ணுல வச்சுட்டு நான் எங்க போறது?" என்றாள்.

இடையில் ஒரு ஏப்ரலில் எல்லைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். லோயிசோஸ் வந்தார். வீடு நகர்வதைப் பார்த்து, கட்டும்போதே கொத்தனார் சரியில்லை என்று மட்டும் சொன்னார். பாஃபோஸ்காரர்களுக்குக் கிரேக்கம் தெரியுமாதலால் பேச்சுக்குக் குறைவில்லை. பெம்பே அவரை அவருடைய அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். சிலுவை முறிந்து கிடந்தது. பலகைக்கல் பெயர்ந்து, உள்ளே ஆட்டுப்புழுக்கை. திரும்பும் வழியில் லோயிசோஸ் எர்தான் கல்லறை முன்னால் நின்று, பெம்பேயின் கையிலிருந்த குடத்தை வாங்கி, நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள், தெர்விஷிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் இருபத்துநாலு, சனிக்கிழமை, திட்டம் வேண்டுமா என்று தீவின் இரண்டு பக்கமும் வாக்களித்தது. பெம்பே ஆம் என்று குத்தினாள். வடக்கில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் ஆம் என்றார்கள். தெற்கில் எழுபத்தாறு பேர் இல்லை என்றார்கள்; திட்டம் அதோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பைகள் கிணுகிணுக்கவில்லை. எல்லை முள்கம்பிக்கு முப்பதடி முன்னால், யாரோ ஒருவருடைய கோதுமை வயலின் நடுவில், வீடு நின்றுபோயிருந்தது. பின்னால் மூன்று கிலோமீட்டரில் எர்தான்.

செவ்வாய்க்கிழமை லோயிசோஸ் எல்லைக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, வயலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெம்பே காப்பி கொடுத்தாள்.

"நான் ஆமான்னு போட்டேன் அண்ணே. நாங்க போனாலும் எம் புள்ளைக்குத் தண்ணி ஊத்த நீங்க இருப்பீங்கன்னு."

அவர் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் இல்லைன்னு போட்டேம்மா. ஆமான்னு போட்டா, எங்கப்பா கல்லறைய ஒடச்சது சரிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு தோணுச்சு."

தெர்விஷ் செருமினார். பெம்பே, காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றார் லோயிசோஸ்.

வயல்காரன் அந்த வருடம் வீட்டைச் சுற்றி உழுதான்; மறு வருடமும் அப்படியே உழுதான். வெள்ளிக்கிழமைகளில் பெம்பே குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். போய்ச் சேரும்போது பாதித் தண்ணீர்தான் இருக்கிறது. அதை ஊற்றிவிட்டு வருகிறாள்.