வூ மொழிமுதல் வாராது

அழைப்பிதழிலேயே ‘பாடநூல் குழு கூட்டம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். சிவப்பு மையால் ஒரு ‘க்’ சேர்த்து, அதைக் கையிலெடுத்துக்கொண்டே எங்கள் விருத்தாசலம் கல்லூரிக்குப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் இலக்கணம் பார்த்துக் கையெழுத்திடாமல் எந்தப் பாடமும் அச்சுக்குப் போகாது.

அன்றைய பாடம் வாசுகியின் சிறுகதை. வாசுகி பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறவர். கதை ஆராய்ச்சியாகாது என்று சொல்லி அவருக்குப் பதவி உயர்வை இருமுறை மறுத்தார்கள். அவர் கட்டுரைக்குத் தாவவில்லை. அடுத்த கதையை எழுதினார். அதைத்தான் இப்போது எங்கள் குழுவினர் பாடமாக்க முன்வந்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. கதையில், பீங்கான் கோப்பைக்கு வண்ணம் தீட்டும் ஆண்டாள், தன்னைக் காலிசெய்யச் சொல்லும் வீட்டு உரிமையாளரிடம் “இது என் வூடு” என்கிறாள். அந்த ‘வூடு’ ‘வீடு’ ஆக வேண்டுமாம்.

“வூ மொழிமுதல்ல வராதும்மா,” என்றார் குழுத்தலைவர் ரத்தினசபாபதி. “புள்ளைங்க பரீட்சையில அப்படியே எழுதி வச்சா?”

“ஆண்டாள் பரீட்சை எழுதலீங்க. சண்டை போடுறா,” என்றார் வாசுகி. “மாத்தித்தான் ஆவணும்னா கதையை எடுத்துடுங்க.”

“இதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா எப்படி? ஐயாவையே கேப்போம். விதி என்னங்க ஐயா?”

“வராது,” என்றேன். தலைவர் புன்னகைத்தார். “ர-வும் மொழிமுதல்ல வராதுங்க. வருகைப்பதிவுல ‘ரத்தினசபாபதி’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதை ‘இரத்தினசபாபதி’ன்னு திருத்திட்டு, அப்புறமா ஆண்டாள் வூட்டுக்கு வாங்க.”

யாரோ தேநீரைச் சிந்தினார்கள்.

“அது எங்கப்பா வச்ச பேருங்க.”

“இது அவ இருக்கிற வூடுங்க.”

அவ்விதியைப் பணிக்காலம் முழுவதும் கற்பித்தவன் நான். தவறியவர்களின் மதிப்பெண்ணைக் குறைத்தவன். விதி எழுதுகிறவரைக் கட்டும். பேசுகிறவளின் வாயைப் பொத்த அதற்கு உரிமையில்லை.

அச்சுப்படியை வரிவரியாகப் பார்த்தேன். ஆசிரியர் கூற்றாக வரும் ஓரிடத்தில் ‘அடுப்பு கரி’ என்றிருந்தது.

“இங்க ஒற்று மிகணும்மா.”

“அது தப்புதாங்க ஐயா,” என்று வாசுகி உடனே பேனாவைத் திறந்தார்.

‘பிழை ஒன்று, திருத்தப்பட்டது’ என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவர் பக்கம் தள்ளினேன். அவர் வாசுகியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையெழுத்திட்டார். ‘இ’ இல்லாமலேதான்.

நான் அதைத் திருத்தவில்லை.