கட்டாத குடையின் நிழல்

தொம்மலூர் பஸ் நிறுத்தத்தில், கட்டப்படாத நிழற்குடை ஒன்றின் நிழல் இரண்டு கோடைகளாக விழுந்துகொண்டிருக்கிறது. தூண் இல்லை, கூரை இல்லை. நிழல் மட்டும், ஆறு பேர் உட்காரும் அகலத்துக்கு.

அல்சூர் காந்தாதான் அதை முதலில் வரவழைத்தவள். கணவர் உத்தமனுக்கு டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, அந்த நிறுத்தத்தின் வெயிலில் இருமுறை அவர் சுருண்டு விழுந்திருந்தார். இன்னொரு முறை விழுந்தால் தாங்காது என்றார் டாக்டர். நிழற்குடை கேட்டு வார்டு அலுவலகம் போனாள். “அது ஆல்ரெடி கட்டியாச்சும்மா. வெப்சைட்ல போட்டிருக்கோம், நோடி, பாருங்க” என்றார்கள்.

அந்த வெப்சைட்டை மைசூர் தலைப்பாகையும் சந்தன மாலையுமாகத் திறந்துவைத்திருந்தார்கள். அரசின் தகவல்களை மக்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி ஊக்குவிப்பது ரகுராம் என்ற அதிகாரியின் வேலை. போட்டி வைத்தார், கேடயம் கொடுத்தார், கருத்தரங்கு நடத்தினார். வந்தவர்கள் பிசிபேளே பாத் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தகவலைத் தொட ஆளில்லை.

காந்தா நிறுத்தத்தில் நின்றபடியே நிழற்குடைப் பட்டியலைப் போனில் இறக்கினாள். நிழல் விழுந்தது. உத்தமன் அதில் உட்கார்ந்து, “சிலுசிலுன்னு இருக்குடி” என்றார். செய்தி பரவியது. ஜனங்கள் தத்தம் தெருவின் பட்டியலைத் தேடி இறக்கினார்கள். பொம்மசந்திராவில், நட்டதாகப் பதிவாகியிருந்த வேம்புகளின் காற்று ஷிப்டு முடிந்து வந்தவர்கள் மேல் வீசியது.

ரகுராம் காந்தாவை மேடையேற்றி, எது ஊக்குவித்தது என்று கேட்டார்.

“வெயிலு சார். பஸ்ஸும் லேட்டு.”

குடிமை விழிப்புணர்வு என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு தணிக்கை வந்தது. இல்லாத குடையைப் பட்டியலிலிருந்து நீக்க உத்தரவு. ரகுராமே நிறுத்தத்துக்கு வந்து சொன்னார்: “பொய்த் தகவலை வெச்சிருக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்.”

“கட்டிட்டீங்கன்னா நெஜமாயிடும்ல சார்?”

அதற்கு விதியில் இடமில்லை. மறுநாள் பட்டியலிலிருந்து குடையின் வரி நீக்கப்பட்டது. அன்று டயாலிசிஸ் நாள். காந்தா முந்தானையை உத்தமன் தலைக்கு மேல் பிடித்தபடி நிறுத்தத்துக்கு வந்தாள். நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வரி அதற்குள் ஊரில் எத்தனையோ போன்களில் குடியேறியிருந்தது. அழிக்க வந்த ரகுராமின் போனிலும்.

அவர் ஓரமாக வெயிலில் நின்றிருந்தார்.

“தள்ளி உக்காருய்யா, சாரும் உக்காரட்டும்” என்றாள் காந்தா. உத்தமன் நகர்ந்தார்.

இப்போதெல்லாம் டிரைவர்கள் நிழலின் விளிம்பு பார்த்துத்தான் பஸ்ஸை நிறுத்துகிறார்கள்.