ஒன்பதாம் நம்பரில் ட்ரம்பெட் இருக்கிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கோபத்தில் பிறந்த கதை. கொழும்பிலிருந்து ஒரு தொகுப்பாசிரியர் மலையகக் கதை ஒன்று கேட்டார். றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள் ஜாஸ் இசைக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்றேன். போனிலேயே சிரித்தார். "நம்புற மாதிரி இல்லையே. காமன்கூத்துன்னு மாத்திருங்களேன்."

மாற்றமாட்டேன். காமன்கூத்தும் எங்களுடையதுதான். அதற்காக வேறு எதையும் நாங்கள் காதில் போடக்கூடாதா?

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலையில், முதுகில் கூடையோடு இருளாயி தள்ளாடித் தள்ளாடி..."

(வெட்டிவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். இருளாயி தள்ளாடுகிற ஆளும் இல்லை.)

இரண்டாவது தொடக்கம். கொடகவெலவில் தாஸிமுடைய போன் கடைக்குப் போய், மெமரி கார்டில் அம்மன் பாட்டு ஏற்றித் தரச் சொன்னாள் இருளாயி. தாஸிம் வேறு யாருடைய பாட்டையோ மாற்றி ஏற்றிவிட்டான். தோட்டத்துக்கு வந்து போட்டால் மாரியாத்தாளைக் காணோம். ஊதுகிறார்கள், தட்டுகிறார்கள், ஒருத்தன் பியானோவைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி வாசிக்கிறான். பாட்டுக்குப் பெயரும் இல்லை, ஒன்றிலிருந்து நாற்பதுவரை நம்பர் மட்டும்தான். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒருநாள் பேர் போய்விடும், அன்றையக் கூலி கிடையாது. இருக்கட்டும் என்று கேட்டாள். மூன்றாம் நாள் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாரியாத்தா கோவிச்சுக்கப் போறாக்கா" என்றாள் சசி, பக்கத்து நிரையில் பறிப்பவள்.

"அவளும் கேக்கட்டுமேடி."

அடுத்த முறை கடைக்குப் போனபோது தாஸிம் தலையைச் சொறிந்தான். "இது ஜாஸ் அக்கா. அமெரிக்காவுல தோட்டத்துல அடிமையா வேல செஞ்ச கறுத்த ஆக்கள்ட பேரப்புள்ளைகள் உண்டாக்கின மியூசிக்."

"தோட்டத்துலயா?" என்றாள் இருளாயி. "அப்ப நம்மாளுங்கதான்."

(தொகுப்பாசிரியரே, இந்த வரியை வெட்டினால் கதையே கிடையாது.)

3

போன் இருளாயியுடையது. அதன் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. காதில் மாட்டுகிற வயர், ஹேண்ட்ஸ்ஃபிரீ, சசியுடையது. ஆகவே இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பாட்டு. பத்து மணித் தேத்தண்ணிக்கு, ஆளுக்கொரு காதில் ஒரு முனை. மற்றக் காது குளவிக்கு. மலையில் எவளாவது "குளவி!" என்று கத்தினால் கேட்க வேண்டுமே. ஒருத்தியின் காது அழுக்கு இன்னொருத்திக்கு வேண்டாம் என்று இருளாயி தன் முனையில் சிவப்பு நூல் கட்டிவைத்தாள்.

(அந்த நூலை மறந்துவிடாதீர்கள்.)

"பதினேழாம் நம்பர்க்காரன் பேச்ச பாதியில விட்டுட்டு வேற எங்கயோ போயிர்றான்க்கா. எங்க மாமா மாதிரி."

"போனாலும் திரும்பி வர்றான்ல? இருவத்தி ரெண்டாம் நம்பர்க்காரனுக்குத்தான் அவசரம். கொழுந்து நிறுக்க ஓடுறவன் கணக்கா ஊதுறான்."

சண்டை வந்தது ஒன்பதாம் நம்பரில். மகள் டிலானி கட்டுநாயக்க கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன மறுநாள் இருளாயி முதன்முதலில் கேட்டது அது. "வீட்டுல நான் அழலடி. அந்த ட்ரம்பெட்காரன்தான் எனக்கும் சேத்து அழுதான்."

"ஒம்பதுல ட்ரம்பெட்டே இல்லியேக்கா!" என்றாள் சசி. "ட்ரம்ஸும் அந்தத் தொம் தொம் சத்தமுந்தான். எங்கம்மா காரியம் முடிஞ்சு வேலைக்கு வந்தன்னிக்குக் கேட்டேன். யாரோ கூடவே நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு."

"பிஸ்ஸாடி ஒனக்கு, பைத்தியமா? தொம் தொம்முன்னு ஒன்னுமே இல்ல."

"ஒங்களுக்குத்தான் பிஸ்ஸு. இல்லாத ட்ரம்பெட்டு எப்புடி அழும்?"

இருளாயிக்கு நெஞ்சு எரிந்தது. ட்ரம்பெட் இல்லை என்றால் அன்றைக்கு அவளுக்காக யாருமே அழவில்லை என்றுதானே அர்த்தம்? முனையைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

அதன்பிறகு ஒன்பது நாள் பேச்சில்லை. ஒருத்தியிடம் போன், ஒருத்தியிடம் ஹேண்ட்ஸ்ஃபிரீ, இரண்டு பேருக்கும் பாட்டில்லை.

4

முடிவுகள்.

(அ) தொகுப்பாசிரியருக்குப் பிடித்தது: இருளாயி காதில் பாட்டு, மரத்தில் குளவிக்கூடு கலைகிறது, அவளுக்குக் கேட்கவில்லை, அந்தோ... (நிறுத்திவிட்டேன். நாங்கள் செத்தால்தான் உங்களுக்குக் கதையா? இந்தக் கதையில் ஒருத்தியும் சாகமாட்டாள். எழுதுகிறவள் நான்.)

(ஆ) தாஸிம் வந்து விளக்கம் சொல்கிறான். (ஏன், ஆம்பளை வந்து சொன்னால்தான் இவர்களுக்கு விளங்குமா?)

(இ) பத்தாம் நாள், தேத்தண்ணி நேரம். சசி ஹேண்ட்ஸ்ஃபிரீயைத் தேயிலைச் செடியின் வாதுமேல் வைத்தாள். இருளாயி அதை எடுத்தாள். போனில் செருகி, ஒன்பதைப் போட்டாள். வீம்புக்கு, நூல் கட்டாத முனையை எடுத்துத் தன் காதில் வைத்தாள்.

தொம். தொம். தொம். யாரோ கூடவே நடந்து வந்தார்கள்.

"அனே! ட்ரம்பெட்டக் காணோமேடி!"

சசி சிவப்பு நூல் முனையைக் காதில் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "இருக்குக்கா. அழுவுது."

ட்ரம்பெட் ஒரு முனையில், தொம் தொம் மறு முனையில்: ஒரே பாட்டை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"முழுசாக் கேக்கணுமே" என்றாள் இருளாயி. "ரெண்டு காதையும் அடச்சுட்டா குளவிக்கு என்னா பண்றது?"

சசி எழுந்து நின்றாள். "நீங்க கேளுங்க. நான் நிக்கிறேன்."

5

இதற்கு மேல் நான் முடிக்கப் போவதில்லை. ஒன்பதாம் நம்பர் ஆறு நிமிடம். இருளாயி கேட்டு முடித்துவிட்டாள், என்ன கேட்டாள் என்று எனக்கும் சொல்லவில்லை. இப்போது சசியின் முறை. அவள் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். பக்கத்தில் இருளாயி, காதைத் தீட்டிக்கொண்டு, மரங்களைப் பார்த்தபடி நிற்கிறாள்.

கங்காணி கீழேயிருந்து கூப்பிடுகிறார். நேரமாகிவிட்டதாம். தொகுப்பாசிரியரும் முடிவு எங்கே என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிற நீங்கள் வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாட்டு முடிகிறவரை பொறுங்கள். நடுவில் வந்து சசியைத் தொட்டால் இருளாயி சும்மா விடமாட்டாள்.