அப்பா வழிச் சொந்தம்

பரமேஸ்வரனுக்குக் கிருமின்னு காதுல விழுந்தாலே போதும், பாதி உயிர் போயிடும். போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டுறவன். வீட்டுக்கு வந்ததும் மருந்து சோப்பு போட்டு ரெண்டு தடவை குளிப்பான். அப்பவும் மாஸ்க் மாட்டிக்கிட்டு எட்ட நின்னுதான் மகளைப் பார்ப்பான். பிறந்ததுலேர்ந்து ஒரு முத்தம் குடுத்ததில்ல, பாவி. ஆசை இல்லாமலா? நெஞ்சு முட்ட ஆசை. துறைமுகத்து அழுக்கு பிள்ளைக்கு ஒட்டிக்குமேன்னு பயம்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் கேரன் போன் போட்டா. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குன்னு பிள்ளை ஆய் போன பெம்பர்ஸை வாங்கிட்டுப் போன பொண்ணு. "அண்ணே, பாப்பா வயித்துல நல்ல கிருமி நிறைய இருக்கு! எல்லாம் தாய்ப்பாலாலதான்!"ன்னு குதிச்சா.

"நல்ல பாம்புன்னுதான் பேரு வச்சிருக்கோம், கொத்தாமலா விடுது?"ன்னு அலறினவன், அப்பவே கடைக்கு ஓடிப் பால்மாவு டின்னோட வந்து நின்னான்.

அவன் பொண்டாட்டி ஷாமினிக்கு வந்ததே கோபம்! "என் பாலையே சந்தேகப்படுறீங்களா? அதை நீங்களே கலக்கிக் குடிங்க!" கண்ணுல தண்ணி வேற. பரமேஸ்வரன் மறுபடி கேரனைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல வச்சான்.

"அண்ணே, தாய்ப்பால்ல ஒரு வகை சர்க்கரை இருக்கு. பாப்பாவுக்கு அது செரிக்காது. அந்த நல்ல கிருமிங்களுக்குத்தான் அது சாப்பாடு."

"அப்ப என் பொண்டாட்டி கிருமிக்கெல்லாம் பந்தி போடுறாளா?"

"தின்னுட்டுச் சும்மா கிடக்காது லா. கெட்டதை உள்ள அண்ட விடாது. மலாய்க்காரங்க வீடு, சீனவங்க வீடு, நம்ம வீடு, எல்லா இடத்துலயும் அம்மா சாப்பிடுறது வேற, பாலும் கொஞ்சம் வேற, பிள்ளை வயித்துல குடியிருக்கிறதும் வேற. அதைத்தான் நாங்க பார்க்கிறோம்."

பரமேஸ்வரன் போனைக் கிட்ட இழுத்துக்கிட்டான். "எல்லாம் அம்மா வழிதானா? அப்பா வழி ஒண்ணு கூட இல்லையாம்மா?"

"நீங்க தூக்கிக் கொஞ்சினாத்தானே அண்ணே வரும்! சளி, காய்ச்சல் இல்லேன்னா கையைக் கழுவிட்டுத் தூக்குங்க."

மாஸ்க்கைக் கழட்டினான். ஷாமினி பிள்ளையை அவன் கையில வச்சா. கன்னத்துல ஒண்ணு, உள்ளங்கால்ல ஒண்ணுன்னு விட்ட முத்தத்தையெல்லாம் சேர்த்து வச்சுக் குடுத்தான் மனுஷன். மகாராணி அப்பன் தோள்லயே பாலைக் கக்கினா.

அதே சட்டையோட வேலைக்குப் போனான். கூட்டாளி லெஸ்லி, "என்னடா தோள்ல கறை?"ன்னு டிஷ்யூவை நீட்டினான்.

"தொடாத லா!" பரமேஸ்வரன் பின்னால நகர்ந்துக்கிட்டான். "பாப்பா வயித்துலேர்ந்து மாமியார் வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க."